கேதம் கேட்கப் போகிறவர்களுக்கு

கணவரை இழந்த பெண்ணிடம் என்ன பேசுவது, எப்படித் துணை நிற்பது என்று பல வாசகர்கள் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரப் பக்கம் முழுக்க அதற்கே.

● கூட வேலை பார்த்த நண்பர் 42 வயதில் போய்விட்டார். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாளாகத் தயங்கிக்கொண்டிருக்கிறேன்.
– ஒரு வாசகர், மதுரை

உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பதில் இருக்கிறது. மதுரைப் பக்கம் 'கேதம் கேக்கப் போறோம்' என்பீர்கள். நெல்லையில் 'துட்டி கேக்க'. மற்ற ஊர்களில் 'துக்கம் விசாரிக்க'. சாவுச் சேதியைச் சொல்லத்தான் ஆள் அனுப்புவோம். சேதி கிடைத்துப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கத்தான் போகிறோம். அதனால் பேச்சுத் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். 'சேதி கேட்டதும் ஓடி வந்தேன்மா' என்றால் போதும். பிறகு அவர் கண்ணில் படுகிற இடத்தில் உட்காருங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அதையும் கேட்டுக்கொண்டிருங்கள். நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும் என்பார்கள். இன்றைக்கே கிளம்புங்கள்.

● ஆறுதல் சொல்லப் போய் நானே தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். கடைசியில் அவர்தான் என்னைத் தேற்றினார். வெட்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருச்சி

வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் கிராமங்களில் வருகிற பெண்கள் முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள், பிறகுதான் மற்றதெல்லாம். அவள் அழாமல் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தால், 'அழ வைங்கடி அவள' என்று கிழவிகள் பதறுவார்கள். உங்கள் கண்ணீரைப் பார்த்து, தன் வீட்டுக்காரர் உங்களுக்கும் வேண்டியவராக இருந்தார் என்று அவர் தெரிந்துகொண்டிருப்பார். அது பெரிய ஆறுதல். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர அவர் எழுந்திருக்கும்படி ஆனால், நீங்கள் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

● சாவு வீட்டில் சொல்லவே கூடாதவை எவை? பட்டியல் போட முடியுமா?
– ஒரு வாசகர், சேலம்

'அழாதே.' அழுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறென்ன வேண்டும்?

'கொடுத்து வச்சது அவ்வளவுதான்.' இதைக் கேட்கிற பெண்ணின் காதில், அவள் ஏதோ குறைவாகக் கொண்டுவந்தவள் என்று விழும்.

'படுக்கையில் விழாமல் போய்ச் சேர்ந்தாரே, நல்ல சாவு.' போனவருக்கு அது நல்ல சாவாக இருக்கலாம். காலையில் பேசிவிட்டுப் போனவரை மாலையில் கிடத்திப் பார்த்தவளுக்கு அப்படி ஒன்று கிடையாது.

'இனிமே நீதான் பிள்ளைங்களுக்கு அப்பாவும் அம்மாவும்.' அவள் எழுந்து முகம் கழுவவே தெம்பில்லாமல் இருக்கிறாள். இரண்டு ஆள் பொறுப்பை இன்றைக்கே தூக்கித் தலையில் வைக்க வேண்டாம்.

'உனக்கு இன்னும் வயசிருக்கு.' பதினாறு முடியாத வீட்டில் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

'எங்க அப்பா போனப்ப நானும் இப்படித்தான்...' உங்கள் துக்கம் உண்மையானது. ஆனால் இன்று உங்கள் முறை இல்லை.

'இன்னும் கொஞ்சம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா...' எல்லாவற்றிலும் கொடியது இது. அந்தக் கேள்வியை ராத்திரி முழுக்க அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். விடிந்ததும் வந்து நீங்களும் கேட்காதீர்கள்.

● 'எப்படி ஆச்சு?' என்றுகூடக் கேட்கக் கூடாதா? கேட்காமல் இருந்தால் அக்கறை இல்லை என்று நினைக்க மாட்டார்களா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

வாசலில் நிற்கிற மச்சினரிடமோ பங்காளியிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் பத்துப் பேர், மாலையில் பத்துப் பேர். நாம் கேட்டு அவள் சொன்னால் அது விசாரணை. அவளாகவே தொடங்கினால் வேறு கதை. அப்போது நூறு முறை சொன்னாலும் முதல் முறை கேட்பது போலக் கேளுங்கள். சொல்லிச் சொல்லித்தான் நடந்ததை அவளே நம்பத் தொடங்குவாள். யூதர்களின் துக்க வீட்டில் ஏழு நாளும் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். வந்தவர் முதலில் வாய் திறப்பதில்லை. துக்கத்தில் இருப்பவர் பேசட்டும் என்று காத்திருப்பார்.

● கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' சொல்லக் கூடாது என்கிறார்கள். சொல்லாமல் எழுந்து வர மனம் வரவில்லையே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

சொல்ல வேண்டாம். கையைப் பிடித்து ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுந்து வாருங்கள். ஆனால் 'வரேன்' சொல்லாமல் வந்ததற்காக, வராமலே இருந்துவிடாதீர்கள். பதினாறுக்குப் பிறகு மறுபடியும் போங்கள்.

● வெளிநாட்டில் இருக்கிறேன், நேரில் போக முடியாது. வாட்ஸ்அப்பில் 'ஆர்.ஐ.பி.' என்று போட்டேன். அது போதாது என்று மனது உறுத்துகிறது.
– ஒரு வாசகர், துபாய்

மனது சரியாகத்தான் உறுத்தியிருக்கிறது. அந்த மூன்று எழுத்தும் குழுவில் இருக்கிற மற்றவர்கள் பார்க்கப் போட்டது. அவருக்கென்று தனியாக நாலு வரி எழுதுங்கள். முதல் வரியில், இறந்தவரை நீங்கள் கூப்பிட்ட பெயரோ முறையோ இருக்கட்டும். 'உங்கள் கணவர்' என்று எழுதாதீர்கள். இரண்டாவதில், நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம். மூன்றாவதில், உங்களால் நிச்சயமாகச் செய்ய முடிகிற ஒரு காரியம். கடைசியில், பதில் எழுத வேண்டியதில்லை என்ற விடுதலை.

இப்படி இருக்கலாம்: 'அண்ணி, அண்ணன் இல்லை என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. நான் முதல்முறை விமானம் ஏறிய அன்று, பெல்ட் வைத்த பெரிய பெட்டி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, அவர் கையாலேயே என் துணிகளை மடித்து வைத்தார். அந்தப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், வந்ததும் உங்களையும் பிள்ளைகளையும் பார்ப்பேன். இதற்குப் பதில் போட வேண்டாம்.'

வாட்ஸ்அப் வேகமானது. ஆனாலும் முடிந்தால் இதைத் தாளில் எழுதித் தபாலில் போடுங்கள். ஒரு வருடம் கழித்துப் பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து எடுத்துப் படிக்க, கையில் ஒரு தாள் வேண்டும்.

● 'எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க' என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதமாகிறது, அவர் எதுவுமே கேட்கவில்லை.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

கேட்க மாட்டார். என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெம்பு வேண்டும், பிறகு கூச்சத்தைத் தாண்ட வேண்டும், பிறகு போன் செய்ய வேண்டும். 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரேன், வங்கிப் புத்தகங்களை எடுத்து வைங்க' என்று சொல்லுங்கள். நீங்கள் செய்யக்கூடியவை இவை:

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இறந்தால் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியிலும் நாம்தான் சொல்ல வேண்டும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பத்துப் பிரதி எடுத்துக் கொடுங்கள். எங்கே போனாலும் ஒன்று கேட்பார்கள்.

வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த வரிசையில் அவருக்குப் பதிலாக நீங்கள் நில்லுங்கள்.

அவர் கணவரின் வங்கிப் புத்தகத்தை எடுத்து, மே மாதக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஆயுள் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு 2 லட்சம் வர வேண்டும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம். எப்போதோ வங்கியில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்தவர்கள் ஏராளம். மனைவிக்குத் தெரிந்திருக்காது, வங்கியும் வீடு தேடி வந்து சொல்லாது.

பி.எஃப். பிடித்த வேலையில் இருந்தவரா? பி.எஃப். பணத்தோடு முடிந்துவிடாது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாத ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் அதோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும்.

ஆதரவில்லாத நிலை என்றால் தமிழக அரசின் கைம்பெண் ஓய்வூதியத்துக்கு மனுப் போடுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் அது மாதம் 1,200 ரூபாய்.

கடைசியாக ஒன்று. அவர் கணவரின் செல்போன் எண்ணை யாரும் அவசரப்பட்டு நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி முதல் கேஸ் சிலிண்டர் வரை எல்லாத் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் வரும். அதில் அவர் குரலில் அனுப்பிய பழைய செய்திகளும் இருக்கும்.

● பணமாகக் கொடுக்கலாமா? தவறாக நினைப்பார்களோ?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

கொடுங்கள். நாலு பேர் பார்க்க வேண்டாம். மாமனார் கையிலோ மூத்த மகன் கையிலோ கொடுக்காமல், அவர் கையில் கொடுங்கள். நேற்றுவரை இருந்த சம்பளம் நின்ற வீட்டில், தன் பெயருக்கென்று வந்த முதல் பணமாக அது இருக்கக்கூடும்.

● என் அக்கா கணவர் இறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் அவர் தம்பிமார் ஏதோ பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். 'நம்ம குடும்பத்துக்குள்ளதானே' என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், ஈரோடு

அக்காவிடம் இப்போதே போய்ச் சொல்லுங்கள்: 'எதிலும் கையெழுத்துப் போடாதே. காரியம் முடியட்டும், ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பேசலாம்.' நல்ல எண்ணத்தோடு கேட்கிறவர்கள் ஒரு மாதம் காத்திருப்பார்கள்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சொத்து அவர் மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும், உயிரோடிருந்தால் அவர் தாய்க்கும் சம பங்கு. இவர்கள் இருக்கும்போது தம்பிமாருக்கு அதில் பங்கு கிடையாது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள் இருக்கும் முஸ்லிம் குடும்பத்தில் எட்டில் ஒரு பங்கு. துக்கம் கேட்கப் போகிற கூடப்பிறந்தவன் கோடிப் புடவையோடு இந்தத் தகவலையும் கொண்டுபோக வேண்டும்.

● என் தோழிக்கு நாளைக்குப் பதினாறாம் நாள். பூ வைத்து, வளையல் அடுக்கி, எல்லார் முன்னாலும் எடுக்கப் போகிறார்கள். அவளுக்கு விருப்பமில்லை, பெரியவர்களிடம் சொல்லப் பயப்படுகிறாள். நான் என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகி, தேனி

அவள் பக்கத்தில் நில்லுங்கள். அவள் சொல்ல முடியாததை நீங்கள் சொல்லுங்கள். தாலியைக் கழற்றுவதோ, வைத்துக்கொள்வதோ, எப்போது, எந்த அறையில் என்பதோ, அவள் ஒருத்தி முடிவு செய்ய வேண்டியது. முறைப்படி செய்வதில்தான் மனசுக்கு நிம்மதி என்று ஒரு பெண் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். ஆனால் பயந்து தலையைக் குனிவதைச் சம்மதம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வலி நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவனின் சிதையில் ஏறப் போகிறவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவளோ, நெய்யில்லாத சோறும், கீரையும், பாயில்லாத கல் தரையுமாக வாழ்கிற கைம்மையைவிட நெருப்பே மேல் என்கிறாள். அதைப் பலர் கற்பின் பெருமையாகப் படிப்பார்கள். அவளை அந்த நெருப்பு வரைக்கும் விரட்டியது எது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அவளைத் தடுக்க வந்தவர்கள் முதலில் அந்தச் சோற்றையும் தரையையும் அல்லவா மாற்றியிருக்க வேண்டும்?

மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் கோல்ஹாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்றொரு கிராமம். 2022 மே மாதம் அந்த ஊராட்சி கூடித் தீர்மானம் போட்டது: கணவரை இழந்த பெண்ணின் பொட்டை அழிப்பது, வளையலை உடைப்பது, தாலியையும் மெட்டியையும் கழற்றுவது எதுவும் இனி எங்கள் ஊரில் கிடையாது. அதே மாதம் மாநில அரசு, மற்ற ஊராட்சிகளும் இதைப் பின்பற்றும்படி சுற்றறிக்கை அனுப்பியது. நாளைக்கு உங்கள் தோழி வீட்டில் பேசும்போது இதைச் சொல்லுங்கள். ஓர் ஊரே முடிவெடுக்க முடிந்ததை ஒரு வீட்டால் முடியாதா?

● 'விதவை' என்று எழுதுவதா, 'கைம்பெண்' என்று எழுதுவதா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

அரசு விண்ணப்பத்தில் எது இருக்கிறதோ அது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பெயரை எழுதுங்கள்.

● எதிர்வீட்டு பாத்திமா அக்காவின் கணவர் இறந்துவிட்டார். அக்கா இத்தாவில் இருக்கிறார். நான் இந்து. போய்ப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, காயல்பட்டினம்

தாராளமாகப் போங்கள். கணவரை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பார். அவசியமில்லாமல் வெளியே வர மாட்டார், அலங்காரம் செய்துகொள்ள மாட்டார். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. பெண்கள் போய்ப் பார்க்கத் தடையில்லை. உங்கள் வீட்டு ஆண்கள், அந்த வீட்டு ஆண்களிடம் துக்கம் விசாரித்தால் போதும். முதல் மூன்று நாள் கூட்டம் இருக்கும். அதன் பிறகு நூறு நாளுக்கு மேல் அவர் நான்கு சுவருக்குள்தான் இருப்பார். உங்களைப் போன்ற எதிர்வீட்டுக்காரி தேவைப்படுவது அந்த நூறு நாளில்தான்.

● என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. இனி எப்போது போவது?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

இன்றைக்கே போகலாம். முப்பதாம் நாள் பூசைக்கும் போங்கள். கத்தோலிக்கர்கள் என்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று அந்த அம்மா மெழுகுவத்தியோடு கல்லறைக்குப் போவார். பூ வாங்கிக்கொண்டு கூடவே நடங்கள்.

● நண்பன் இறந்துவிட்டான். அவன் மனைவிக்கு உதவி செய்ய நினைக்கிறேன். அடிக்கடி போனால் ஊர் ஏதாவது பேசும், அவருக்குத்தான் கெட்ட பெயர். விலகி இருப்பது நல்லதா?
– ஒரு வாசகர், திருப்பூர்

விலகிவிடாதீர்கள். ஊர் வாய்க்குப் பயந்து எல்லா நண்பர்களும் ஒரே நாளில் காணாமல் போய்விடுகிறார்கள். கணவரோடு அவர் சிநேகிதர்களும் செத்துப்போன மாதிரி ஆகிவிடுகிறது அந்த வீடு. உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு போங்கள், அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள், பகலில் போங்கள். நண்பனின் பிள்ளைகளுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் அவன் அடித்த கூத்து, முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டை, இதெல்லாம் அவர்கள் அம்மாவுக்கே தெரிந்திருக்காது. உங்களிடம் மட்டும் இருக்கிற சொத்து அது.

● அவன் குடிகாரன். இருபது வருடம் அவளைப் போட்டு அடித்தவன். சாவு வீட்டில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊரே முணுமுணுக்கிறது. நான் போனால் என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம், கடலூர்

அவனைப் புகழாதீர்கள். 'என்ன இருந்தாலும் தாலி கட்டினவன்' என்று தொடங்காதீர்கள். 'விட்டுச்சு சனியன்' என்றும் சொல்லாதீர்கள். அவளுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. நிம்மதி இருக்கலாம். அந்த நிம்மதிக்காகக் குற்ற உணர்ச்சி இருக்கலாம். கல்யாணமான புதிதில் இருந்த ஒரு நல்ல மாதத்தை நினைத்துத் துக்கமும் இருக்கலாம். மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கும். 'சாப்பிட்டியா?' என்று கேளுங்கள். ராத்திரி கூடத் தங்கட்டுமா என்று கேளுங்கள். அழச் சொல்லி யாராவது அவளை உலுக்கினால், அந்தக் கையைப் பிடித்து விலக்குங்கள். அவள் கண்ணீரை அவன் உயிரோடு இருந்தபோதே செலவழித்துவிட்டாள்.

● துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, வரிசையாகக் கடந்து வந்தால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?
– ஒரு வாசகர், சென்னை

எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது அது. அவர் பேசிப் பார்த்தது தீராத நோயில் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். உறவை இழந்தவர்களுக்கு அதைப் பிற்பாடுதான் பொருத்தினார்கள். துக்கம் மாடிப்படி மாதிரி வரிசையாக இறங்குவதில்லை. மூன்று மாதம் நன்றாக இருப்பவள், மளிகைக் கடையில் அவர் வாங்குகிற பாக்குப் பொட்டலத்தைப் பார்த்து உடைந்துவிடுவாள். 'இன்னுமா?' என்று மட்டும் கேட்காதீர்கள். தமிழில் துக்கம் 'ஆறும்' என்கிறோம். புண்ணும் அப்படித்தான் ஆறுகிறது: அதன் போக்கில், தழும்போடு.

● அம்மா, அப்பா போன நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. எட்டு மாதமாகிறது. யாரையும் பார்க்க மறுக்கிறார். 'நானும் போயிடணும்' என்கிறார். நெஞ்சு வலிக்கிறது என்றும் சொல்கிறார். துக்கம்தானே என்று விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, வேலூர்

விடக் கூடாது. நெஞ்சு வலிக்கு இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கடும் துக்கத்தில் இதயத் தசையே பலவீனமாகி, மாரடைப்பு போலவே வலி வருவது உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் கண்டு எழுதியது. மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. அதுவா, உண்மையான மாரடைப்பா என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்; வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள்.

'நானும் போயிடணும்' என்பதைப் பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'அம்மா, உயிரை விடணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்தார் என்ற நிம்மதிதான் வரும். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு இரவும் பகலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாமல் முடக்குகிற துக்கத்தை, சிகிச்சை தேவைப்படும் ஒன்றாக உலக சுகாதார நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது. மனநல மருத்துவரிடம் போவது அப்பாவை மறப்பதற்கில்லை. அம்மா ஒரு வாய் சாப்பிடுவதற்கு.

● 26 வயதில் தனியாகிவிட்ட என் மருமகள், மேலே படிக்கப் போகிறேன் என்கிறாள். 'வருஷம்கூடத் திரும்பலையே, ஊர் என்ன சொல்லும்?' என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

உங்கள் கணவருக்குச் சகோதரி சுப்புலட்சுமியின் கதையைச் சொல்லுங்கள். 1886இல் பிறந்தவர். பால்ய விவாகம், சிறுமியாக இருக்கும்போதே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்து ஊர் என்னவெல்லாம் சொல்லியிருக்கும்! அவர் அப்பா மகளைப் படிக்க வைத்தார். 1911இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரியானார். மறுவருடமே தன்னைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் தொடங்கினார். பிறகு அது மெரினா கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸில் நடந்தது. அங்கே படித்த பெண்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் ஓர் அப்பா செய்ததை, இன்று ஒரு மாமனார் செய்ய முடியும். கல்லூரி விண்ணப்பத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மருமகளுக்கு இதைவிட நல்ல ஆறுதல் உங்கள் கையில் இல்லை.

● என் மகள் கல்யாணப் பத்திரிகையைச் சமீபத்தில் கணவரை இழந்த அண்ணிக்கு வைப்பதா வேண்டாமா? வைத்தால் வரச் சங்கடப்படுவாரே?
– ஒரு வாசகர், கரூர்

முதல் பத்திரிகை அவருக்கு. வருவதும் வராததும் அவர் விருப்பம். அழைக்காமல் விடுவது உங்கள் தீர்ப்பாகிவிடும். வந்தால் பின்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். அட்சதைத் தட்டு அவர் கைக்கும் போகட்டும். ஈரோடு மாவட்டத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் விடாமல் தடுத்த வழக்கில், நாகரிகமான சமூகத்தில் இப்படி நடக்க முடியாது என்று 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கோயிலுக்குச் சொன்னது கல்யாண மண்டபத்துக்கும்தான்.

● தோழியின் கணவர் இறந்து மூன்று மாதமாகிறது. அப்போது போக முடியவில்லை. இப்போது போனால், 'இத்தனை நாள் எங்கே போனே?' என்று நினைப்பாளோ? போகாமலே இருந்துவிடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

இப்போதுதான் போக வேண்டிய நேரம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சித்தப்பா டி.வி.எஸ். 50 வைத்திருந்தார். தினமும் மாலை 6.40க்குத் தெருமுனை ரேஷன் கடையைத் தாண்டும்போது அந்த வண்டிச் சத்தம் கேட்கும். சித்தி உடனே அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றுவார். சத்தம் வாசலுக்கு வருவதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருக்கும். சித்தப்பா திடீரென்று போனார். பதினாறு நாளும் வீடு நிறைய ஆட்கள். பதினேழாம் நாள் பந்தல்காரர் நாற்காலிகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போனதும் வீடு காலியானது.

அன்று மாலை 6.30க்கு எதிர்வீட்டு அக்கா முறத்தில் கீரைக்கட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து ஆய்ந்தார். மறுநாளும் வந்தார். சித்தியும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு கீரையைக் கிள்ளுவார். பேச்சு அதிகம் இருக்காது. தெருவில் ஏதாவது ஒரு மொபெட் போகும். சித்தியின் விரல் நிற்கும். அக்கா நிமிர்ந்து பார்க்காமல் இன்னொரு கைப்பிடிக் கீரையை எடுத்து அவர் பக்கம் தள்ளுவார். ஏழு மணிக்கு முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் நான் கேட்டேன், 'ஏன்க்கா, உங்க வீட்டுக் கீரையை இங்க வந்து ஆயறீங்க?' அவர் சொன்னார்: 'அந்த வண்டி வர்ற நேரம்டா தம்பி. அந்த நேரத்துக்கு அவளை ஒத்தையா விடக் கூடாது.'

எட்டு மாதம் வந்தார். சாவுக்கு வந்த இருநூறு பேரில் யார் என்ன சொன்னார்கள் என்று சித்திக்கு நினைவில்லை. அந்தக் கீரை முறம் நினைவிருக்கிறது.

நீங்கள் போங்கள். 'அப்ப வர முடியல, மன்னிச்சுக்கோ' என்று ஒருமுறை சொல்லிவிட்டு உட்காருங்கள்.

● என் வீட்டுக்காரர் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. எல்லோரும் நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் யாருமே அவர் பேச்சை எடுப்பதில்லை. நானே எடுத்தாலும், நான் அழுதுவிடுவேன் என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அவரைப் பற்றிப் பேச வேண்டும் போலிருக்கிறது. இது தப்பா?
– ஒரு வாசகி, பெயரும் ஊரும் வேண்டாம்

தப்பே இல்லை அம்மா. உங்களை அழவிடக் கூடாது என்ற பாசத்தில்தான் மாற்றுகிறார்கள். 'அழுதா அழுதுட்டுப் போறேன், நீங்க பாட்டுக்குப் பேசுங்க' என்று அவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கும் பேச ஆசை இருக்கும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்களும் அதில் அவர் பெயரை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அவர் பெயரை எழுதுங்கள். என்ன வேலை பார்த்தார், எதற்குச் சிரிப்பார், கோபம் வந்தால் என்ன செய்வார், எல்லாவற்றையும் எழுதுங்கள். எத்தனை பக்கமானாலும் சரி, பத்திரிகையில் போட மாட்டேன்.

நான் கேட்கிறேன்.